சித்தி செய்த வேலை பூஜ்யமா?



சனிக்கிழமையில் திருநள்ளாறு போகும் தைரியம் எனக்குக் கிடையாது. நள தீர்த்தத்திலிருந்து சந்நிதி வரைக்கும் தலைகள்தான் தெரியும். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, மாயவரத்தில் பஸ் ஏறி, பேரளம் வழியாகப் போய் இறங்கினேன். தரிசனம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் போனது என் தங்கை பெண்ணைப் பார்க்க. நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. புகுந்த வீடு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே மாமனார், மாமியார், மூத்தவர் குடும்பம். மாடியில் இவளும் இவள் புருஷனும்.

நான் போன நேரம், குழந்தை தூங்காமல் படுத்திக்கொண்டிருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் அழுகை, நின்றால் மௌனம். இந்த வித்தையைக் குழந்தைகளுக்கு யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! மூத்தவர் பையன், ஒன்பதாம் வகுப்பு, விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து பார்த்தான்.

"சித்தி, அரை மணி நேரமா பாப்பாவைத் தூக்கிட்டு ஒரே இடத்துல நிக்கிறீங்க இல்ல? அதுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? பூஜ்யம்! எங்க புக்ல போட்டிருக்கு."

வீடே சிரித்தது. "அப்படிப் போடுடா ராஜா! நான் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. இப்ப புஸ்தகமே சொல்லுது பாரு" என்றார் சம்பந்தியம்மா. நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

என் பெண்ணும் சிரித்தாள். ஆனால் சற்று நேரம் கழித்து, தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறியவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் எரிந்துபோய்ப் பத்து நாளாகிறதாம். ஒரு நாளைக்குப் பத்துக் குடம் இவள்தான் ஏற்றுகிறாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியம்மா. எந்நேரமும் அசதியா இருக்கு. எப்பவாச்சும் இப்படித் தலை சுத்தும்" என்றாள்.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் நான். சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே பையனையும் அவன் கணக்கு நோட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சம்பந்தியம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த நோட்டில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும்தான். பால் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் விசை. இழுப்பதும் தள்ளுவதும் தூக்குவதும் விசை. அதை அளக்கும் அளவு நியூட்டன். ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்தால், பூமி அதைக் கீழே இழுக்கிறது அல்லவா? அந்த இழுப்பு சுமார் 10 நியூட்டன். தண்ணீர் நிறைந்த குடம் 15 கிலோ என்றால் 150 நியூட்டன். நீங்கள் தூக்க வேண்டுமானால் அந்த அளவுக்காவது மேலே இழுக்க வேண்டும்.

இரண்டாவது வேலை. இங்கேதான் பௌதிகம் நம் வீட்டுப் பேச்சோடு சண்டைக்கு வருகிறது. விசை கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்த திசையில் பொருள் நகர வேண்டும். நகர்ந்தால்தான் வேலை. விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது வேலை. அதன் அளவு ஜூல். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் சுமார் ஒரு ஜூல்.

தேரிழுப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். திருநள்ளாறில் வைகாசி பிரம்மோற்சவத்தில் தேரோட்டம் உண்டு. தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற அந்த முதல் நிமிஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் முறுக்கேறி விறைத்து நிற்கும். நூற்றுக்கணக்கான பேர் குதிகாலை ஊன்றி இழுப்பார்கள். பின்சக்கரத்துக்கு நெம்புகோல் கொடுத்துத் தள்ளுவார்கள். தேர் அசையாது. வியர்வை மட்டும் ஓடும். பௌதிகப் புத்தகத்தின்படி அதுவரைக்கும் தேர்மேல் செய்த வேலை பூஜ்யம். அப்புறம் ஒரு குலுக்கல், ஒரு முனகல், தேர் நகர்ந்துவிடும். நகர ஆரம்பித்த பிறகு அவ்வளவு சிரமமில்லை. நின்ற பொருளைக் கிளப்புவதற்கு வேண்டிய விசையைவிட, ஓடுகிற பொருளை ஓட்டிக்கொண்டே போவதற்கு வேண்டிய விசை குறைவு. தரையில் உராயும் எல்லாவற்றுக்கும் இது பொது. அரிசி மூட்டையை இழுத்துப் பாருங்கள், பீரோவை நகர்த்திப் பாருங்கள், தெரியும்.

இந்த இடத்தில் சம்பந்தியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சம்பந்தி, ஆகாசத்துல போற செயற்கைக்கோள் நம்ம கோயிலுக்கு நேரே வந்தா மூணு செகண்ட் நிக்குதாமே? என் போன்ல வந்துச்சு."

உங்கள் போனிலும் வந்திருக்கும். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. திருநள்ளாறிலிருந்து காரைக்கால் 5 கிலோமீட்டர். அதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். ஒரு டன் எடையுள்ள செயற்கைக்கோளை நிறுத்திவிட்டு, மறுபடி அதே வேகத்துக்குக் கிளப்ப வேண்டுமென்றால், நம் கரண்டு பில் கணக்கில் 7,800 யூனிட் வேண்டும். அதை மூன்று விநாடிக்குள் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? "செயற்கைக்கோள் நிக்கறதில்ல சம்பந்தி. கோயிலுக்கு அது சாட்சி சொல்லணும்னு அவசியமும் இல்ல. எத்தனை தலைமுறையா ஜனங்க வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க!" என்றேன். அவருக்கு அரைமனதுதான். ஆனாலும் "சரி, குடத்துக் கணக்குக்கு வாங்க" என்றார்.

வந்தோம். வீட்டு மாடி மூன்று மீட்டர் உயரம். குடம் 150 நியூட்டன். பெருக்கினால் 450 ஜூல். ஆனால் குடம் தானாக மாடிக்குப் போவதில்லை. கூடவே இவளும் ஏறுகிறாள். இவள் எடை 50 கிலோ. தன்னைத் தூக்கிக்கொண்டு போவதற்கு 1,500 ஜூல். இதை யாரும் யோசிப்பதே இல்லை. தண்ணீரைத் தூக்குவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் நம் உடம்பைத் தூக்குவதற்கே போகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நடைக்கு 1,950. பத்து நடைக்கு 19,500 ஜூல்.

பையனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அதை கலோரி ஆக்கலாமா பாட்டி?" என்றான். ஆக்கினான். நாம் ஆகாரத்தில் கணக்குப் பார்க்கும் ஒரு கலோரிக்கு 4,184 ஜூல். (விஞ்ஞானிகள் இதையே கிலோகலோரி என்பார்கள். நாம் வழக்கப்படி கலோரி என்றே வைத்துக்கொள்வோம்.) பத்துக் குடத்துக்கு ஐந்து கலோரிகூட வரவில்லை. நம் தசைகள் சாப்பாட்டில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். அதனால் நாலால் பெருக்கி 20 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

"இருபது கலோரின்னா அரை இட்லி!" என்று கத்தினான். "சித்தி பத்துக் குடம் தூக்கினது அரை இட்லிதான்!"

மறுபடி சிரிப்பு. படியிறங்கி வருவது, குடத்தைப் பிடித்திருப்பது எல்லாம் சேர்த்தாலும் ஓர் இட்லிக்குள் அடங்கிவிடும் என்பதுதான் உண்மை. என் பெண் என்னைப் பார்த்த பார்வை, "எனக்குப் பரிந்து பேச வந்தீங்களா, இல்லே..." என்று கேட்பதுபோல இருந்தது.

கணக்கு சரிதான். ஆனால் பாதிக் கணக்கு. ஏனென்றால் இதுவரை நாங்கள் போட்டது வேலையின் கணக்கு. செலவான சக்தியின் கணக்கு அல்ல. பள்ளிப் புத்தகத்தில் ஆற்றல் என்று போட்டிருப்பதைத்தான் நாம் சக்தி என்கிறோம். வேலை செய்வதற்கான முதல் அது. கையிருப்பு என்று சொன்னால் இல்லத்தரசிகளுக்கு உடனே புரியும். கையிருப்பிலிருந்து எடுத்ததெல்லாம் சாமானாக வீட்டுக்கு வந்து சேர்வதில்லை அல்லவா? பஸ் சார்ஜ், கூலி என்று போகிறதில்லையா? அதுபோலத்தான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் அடித்த ஆணியும் பையைத் தாங்குகிறது. மணிக்கணக்காகத் தாங்கும். அதற்குச் சாப்பாடு வேண்டாம். நம் தசை ஆணி மாதிரி அல்ல. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கின்றன. கொஞ்சம் இழை இழுத்துப் பிடிக்கும்; அது தளரும்போது வேறு இழைகள் பிடித்துக்கொள்ளும். வடத்தில் ஆள் மாற்றி ஆள் பிடிப்பது போல. ஒவ்வொரு பிடிப்புக்கும் சக்தி செலவாகிறது. குழந்தை ஓர் அங்குலம்கூட உயரவில்லை, அதனால் வேலை பூஜ்யம், வாஸ்தவம். செலவு பூஜ்யமில்லை. செலவான சக்தி எங்கே போனது? முதுகு வியர்க்கிறதே, அங்கேதான் சூடாகப் போனது.

சக்தி எதிலெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். திருநள்ளாறில் ஏற்றுகிற எள் தீபத்தையே பாருங்கள். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் 5 கிராம். அதில் 45 கலோரி. ஜூலில் சொன்னால் 1,88,000. அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயில் இருக்கும் சக்தி, ஒரு பைசா சேதாரமில்லாமல் வேலையாக மாறுமானால், நானூறு குடம் தண்ணீரை மாடிக்கு ஏற்றிவிடும். பொருளுக்குள் அடங்கியிருக்கும் சக்தியும், நெருப்பின் சூடும் இவ்வளவு பெரியவை. தூக்குவதும் இறக்குவதும் அவற்றின் முன்னால் தூசு.

இரண்டுக்கும் உள்ள உறவைத் தீர்க்கமாக அளந்தவர் ஜேம்ஸ் ஜூல் (1818–1889). இங்கிலாந்தில் மதுபானம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். 1840களில், எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவை இறங்கும்போது தண்ணீருக்குள் ஒரு துடுப்பைச் சுற்றும்படி வைத்து, தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்த்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடாக வேண்டுமானால், ஒரு கிலோ எடை 427 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும் என்று இன்றைய கணக்கு. தேனிலவுக்குப் போன இடத்திலும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, அருவியின் உச்சியிலும் அடியிலும் சூடு அளக்கப் போனார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தப் புதுப்பெண் மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டாளோ!

ஜூலும் மற்றவர்களும் கண்டுபிடித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். சக்தி புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. உருவம் மாறும், கை மாறும். எங்காவது ஒரு செலவு நடந்தால் எங்கிருந்தோ ஒரு வரவு வந்திருக்க வேண்டும்.

இதற்கு விலக்குப் பெற்ற சமையல்காரர் ஒருவர்தான் உண்டு. அவரும் இந்த ஊர்க்காரர் மாதிரிதான். சனியின் பிடியிலிருந்து நளன் விடுபட்டது இந்தத் தலத்தில் என்பது ஐதிகம். நாட்டை இழந்து, உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரண்மனையில் வேலைக்கு அமர்ந்தானே, அப்போது அவன் சமைப்பதைத் தமயந்தியின் தோழி ஒளிந்து நின்று பார்க்கிற இடம் பாரதத்தில் வரும். அவன் வெறும் பாத்திரத்தைப் பார்த்தால் தண்ணீர் நிறையும். ஒரு பிடி புல்லை வெயிலில் பிடித்தால் தீ பற்றும். கல்யாணத்தில் தேவர்கள் கொடுத்த வரம். குடம் தூக்க வேண்டாம், விறகு வேண்டாம், காஸ் வேண்டாம். நளபாகம் ருசித்ததில் என்ன அதிசயம்! நமக்கு அந்த வரம் யாரும் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. திறன். ஒரு விநாடிக்கு எத்தனை ஜூல் என்பதுதான் திறன். விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயர். மோட்டார் கடையில் அரை ஹெச்.பி., ஒரு ஹெச்.பி. என்கிறார்களே, அந்தக் குதிரைக் கணக்கும் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மாடிப்படியைக் குடத்தோடு நிதானமாக 15 விநாடியில் ஏறினால் 130 வாட். குழந்தை அழுகிறதே என்று 6 விநாடியில் ஓடினால் 325 வாட். செய்த வேலை அதே 1,950 ஜூல்தான், ஆனால் மூச்சு வாங்குகிறதா இல்லையா? இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சிரமம் கொடுப்பது வேலையின் அளவைவிட அதன் அவசரம்தான்.

பெரிய திறனுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்கால் பகுதியில் திருமலைராயன்பட்டினம் போலகத்தில் ஒரு மின் நிலையம் அமைத்திருக்கிறார்கள். காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுப்பதற்கானது. அதன் திறன் 32.5 மெகாவாட். அதாவது விநாடிக்கு மூன்றே கால் கோடி ஜூல். முழுத் திறனில் ஓடும்போது நீங்கள் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 72,000 குடத்தை மாடிக்கு ஏற்றக்கூடிய சக்தி. இந்த வகை நிலையங்களில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எரிவாயு ஒரு சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது கடும் சூடாகவே இருக்கும். அதை வீணாக்காமல், அந்தச் சூட்டிலேயே நீராவி உண்டாக்கி இன்னொரு சுழலியைச் சுற்றுகிறார்கள். பொதுவாக இப்படிப்பட்ட நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் இந்த மிச்சச் சூட்டிலிருந்தே வந்துவிடும். இதைச் சொன்னதும் சம்பந்தியம்மா, "அட, இது நம்ம கொடி அடுப்பு!" என்றார். அதேதான். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பக்கத்துக் கொடி அடுப்பில் தனியாக விறகு வைக்காமலே ரசம் சுண்டுமே, அந்த யோசனை.

இனி நம் உடம்பு. சும்மா படுத்துத் தூங்கும்போதுகூட இதயம் அடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், உடம்பு சூடு குறையாமல் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நடுத்தரப் பெண்மணிக்கு நாளைக்குச் சுமார் 1,200 கலோரி ஆகிறது. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று ராப்பகலாக எரிகிற மாதிரி. அதை அணைக்க முடியாது. வீட்டு வேலை, நடை, குனிவு, நிமிர்வு எல்லாம் அதற்கு மேல்தான்.

"சரி. சித்தி இப்ப என்ன பண்றா?" என்று பையனைக் கேட்டேன். மாடியறையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா உக்காந்திருக்காங்க."

"எழுது. நாலு மாசக் குழந்தை, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் முக்கால் லிட்டர். நூறு மில்லிக்குச் சுமார் 67 கலோரி."

எழுதினான். 500 கலோரி வந்தது. 4,184-ஆல் பெருக்கினான். ஏறத்தாழ 21 லட்சம் ஜூல்.

"இதை 450-ஆல் வகு. எத்தனை குடம்னு பார்ப்போம்."

வகுத்தான். நம்பாமல் இன்னொரு தடவை வகுத்தான். 4,600 குடத்துக்கு மேல்! காலையிலிருந்து ராத்திரி வரை பத்துக் குடம் தூக்கிய அதே சித்தி, "சும்மா உட்கார்ந்த" நேரத்தில் நாலாயிரத்து அறுநூறு குடத்தை மாடிக்கு ஏற்றும் சக்தியைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

இன்னொரு ஒப்பீடும் போட்டோம். திடகாத்திரமான ஓர் ஆள், நாள் முழுதும் விடாமல் உழைத்தால், சராசரியாக 75 வாட் திறன் கொடுப்பான் என்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். அவனுடைய ஒரு நாள் உழைப்பும் இவளுடைய ஒரு நாள் பாலும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

பையன் கெட்டிக்காரன். "ஆனா பாட்டி, பால் வேலை இல்லையே, ஆற்றல்தானே? அதோட, அந்த ஆள் அதுக்கு நாலு மடங்கு சாப்பிடணுமே?" என்றான். சரியாகப் பிடித்தான். ஆகவேதான் சொல்கிறேன், இருவரும் ஒரே அளவு சாப்பிட வேண்டும் என்பதில்லை. பாலுக்கு அவ்வளவு சேதாரமில்லை. 500 கலோரிப் பால் சுரக்க உடம்புக்கு 600 கலோரி போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் அதே கணக்குதான். அதிக உழைப்பில்லாத பெண்ணுக்கு நாளைக்கு 1,660 கலோரி, மிதமான உழைப்புக்கு 2,130. கர்ப்பிணிக்கு அதற்கு மேல் 350. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600, அடுத்த ஆறு மாதம் 520. கவனித்தீர்களா? வயிற்றில் இருக்கும்போதைவிட மடியில் இருக்கும்போதுதான் தாய்க்கு அதிகம் வேண்டும். நாமோ வளைகாப்பு வரைக்கும் "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று ஊட்டிவிட்டு, பிள்ளை பிறந்ததும் பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

என் பெண்ணைக் கூப்பிட்டு அன்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். காலையில் எல்லாருக்கும் ஆன பிறகு இரண்டு இட்லி, சட்னி. ஒரு காபி. மத்தியானம் மூன்று மணிக்குச் சோறு, ரசம், ஓர் அப்பளம். குழம்பு தீர்ந்துவிட்டதாம். சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ராத்திரி இரண்டு தோசை. தாராளமாகப் போட்டும் 1,300-ஐத் தாண்டவில்லை. குறைந்த உழைப்பு என்றே வைத்தாலும் இவளுக்கு வேண்டியது 1,660-உம் 600-உம் சேர்த்து 2,260. துண்டு விழுவது நாள் ஒன்றுக்கு 960 கலோரி.

சட்டம் சட்டம்தான். செலவு நடந்திருக்கிறது, வரவு எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். உடம்பிலிருந்து வந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் சேர்த்து வைத்த கொழுப்பு கொஞ்சம் இதற்கென்றே இருக்கிறது. அது கரைவதில் தப்பில்லை. அது தீர்ந்த பிறகும் இப்படியே போனால் தசையும் சேர்ந்து கரையும். இதில் ஒரு விசித்திரம், பால் சுலபத்தில் குறைவதில்லை. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். அதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் திருப்தியாக இருப்பார்கள். தாய்தான் தேய்ந்துகொண்டே போவாள்.

தலைச்சுற்றலுக்கு நான் கணக்கோடு நிறுத்தவில்லை. சோகை இருக்கலாம், ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொல்லி, மறுநாளே டாக்டரிடம் போக வைத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்யுங்கள்.

600 கலோரியை எப்படிச் சேர்ப்பது? விலையுயர்ந்த டப்பாப் பவுடர் எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் பால் 130. இரண்டு நல்ல எள்ளுருண்டை 240 வரும். சுண்ணாம்புச் சத்தும் சேரும். சனி பகவானுக்கு எள் சாதம் நைவேத்தியம் செய்கிற ஊரில் எள்ளுக்கா பஞ்சம்? ஒரு கைப்பிடி வேர்க்கடலை 170. சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் 45. கூட்டிப் பாருங்கள், 585. மீன் சாப்பிடும் வீடென்றால் பால்சுறாப் புட்டு இருக்கவே இருக்கிறது. காரைக்கால் பக்கத்துப் பாட்டிமாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எதுவானாலும் அவள் பங்கு எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதாக இருக்கக் கூடாது.

குடத்துக்கும் ஒரு வழி சொன்னேன். மோட்டார் சரியாகும் வரை அரைக் குடமாகத் தூக்கட்டும். "அப்ப இருபது நடை ஆகுமே, வேலை ஜாஸ்தியாகுமே?" என்று பையன் மடக்கினான். ஆகும்தான். ஆனால் பிரசவித்த உடம்புக்குக் கெடுதல் செய்வது வேலை அல்ல, ஒரே மூச்சில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் விழுகிற விசை. விசை பாதியானால் பிழைத்தோம். "அதோட, அந்த இன்னொரு பத்து நடையை யார் நடக்கணும்னு புக்ல போட்டிருக்கா?" என்று கேட்டேன். காதைச் சொறிந்துகொண்டான். அன்று சாயங்காலமே நாலு குடம் ஏற்றினான்.

சம்பந்தியம்மா ரொம்ப நேரமாகப் பேசாமலே இருந்தார். கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டா, நான் நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கேன். அதுக்கும் போடேன்."

ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் என்று வைத்துப் போட்டான். நூற்றைம்பது கோடி ஜூல். கரண்டு கணக்கில் 418 யூனிட். அவருக்குப் புரிகிற மாதிரி, 33 லட்சம் குடம் என்று சொன்னான்.

"எனக்கு யாரும் அறுநூறு வைக்கலியேடா" என்றார்.

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இரும்புச் சட்டியில் எள் வெடிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த இதழில் பிரஷர் குக்கரின் விசிலைப் பற்றிப் பேசுவோம். மூன்று விசிலா, நாலு விசிலா என்ற சண்டை உங்கள் வீட்டிலும் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.